அமாவாசை மைதானம்

அதிகம் பேசாதவர் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நமக்கு உடனே ஒரு சாது உருவம் தோன்றும். நான் எழுதப்போகிறவர் சாது இல்லை. மைதானத்தில் இறங்கினால் வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, விசில் போதாமல் தொண்டையாலும் கத்துவார். "டேய் மொட்ட, கோட்டத் தாண்டாதடா" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தோப்புக் காக்காய்கள் இடம் மாறும். ஆனால் தனக்கு மேலே உள்ள ஒருவர் முன்னால் வந்து நின்றுவிட்டால் ஆளே வேறு. கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததற்கு வாய் திறக்க மாட்டார். கூரை தீப்பிடித்து எரிந்தாலும், 'எல்லாம் நலமா?' என்று கேட்டால்தான் தீயைப் பற்றிச் சொல்வார் என்று நாங்கள் கேலி பேசியிருக்கிறோம்.

எங்கள் துறவற சபையில் அவர் சகோதரர். அதாவது, பூசை வைக்கிற சாமியார் அல்ல. துறவியாக வாழ்வேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டுக் கையால் உழைக்கிறவர். தச்சு வேலை தெரியும். காதில் எப்போதும் ஒரு சப்பைப் பென்சில் இருக்கும். காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துக் கடைசித் தெருவைத் தாண்டி சபை ஒரு வெற்றுக் கொல்லையை வாங்கி, இரண்டு அறை கட்டி, அவரையும் ஒரு வயதான அதிபர் சாமியாரையும் அனுப்பி வைத்திருந்தது. குருப்பட்டப் படிப்பின் நடுவே பயிற்சிக்காக நான் அங்கே போய்ச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். எனக்கு இருபத்திரண்டு வயது. பையன்களுக்கு அவர் பெரிய பிரதர், நான் சின்ன பிரதர். அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது கடைசிவரை படிப்பவர்களுக்குத் தெரியும்.

கேட்டால்தான் பேசும் அந்தப் பழக்கம், துறவறத்தில் புதிதாகச் சேர்கிறவர்களைப் பழக்கும் நவசந்நியாச மடத்தில் வந்தது. பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன்னை நியாயப்படுத்திப் பேசாதே, அது அகந்தை என்று எங்கள் எல்லாருக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, பிறகு எங்கே வளைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தோம். அவர் ஒருவர்தான் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு முறை மூன்று நாள் காய்ச்சலோடு இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அதிபர் சாமி தற்செயலாக, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். காய்ச்சல் சாமி, முந்தாநாள்லேருந்து, என்றார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சாமி கோபித்துக்கொண்டதற்கு, "இப்பதான சாமி கேட்டீங்க" என்று பதில் வந்தது. அதில் கிண்டலே கிடையாது. உண்மையில் அவருக்குக் கிண்டல் செய்யத் தெரியாது.

இந்தக் குணத்தால் ஒரு தரம் ஒரு பையன் தப்பினான். சோடாக்கடையில் பாட்டில்களை உடைத்துவிட்டு ஓடிவந்தவன் தச்சுப் பட்டறைக்குள் பலகைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். பையன் இங்கே வந்தானா என்றார். வந்தான் என்றார் பிரதர். கோவில் அறையில் இருக்கிறானா? இல்லை. சமையல்கட்டில்? இல்லை. சுவரேறிப் போய்விட்டானா? பார்க்கவில்லை. எல்லாம் உண்மை. பட்டறையைப் பற்றிப் போலீஸ்காரர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சர்க்கார் மனிதர் போன பிறகு பையனைக் காதைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு சோடாக்கடைக்குப் போய், பெஞ்சுக் கால் ஒன்றைச் சரிசெய்து கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதே குணம் இன்னொரு நாள் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் சபை எப்படித் தொடங்கியது என்பதை அவர் சொல்லக் கேட்க வேண்டும். நாங்கள் படித்த புத்தகங்களில் அது பெரிய கதை; தரிசனங்கள், கனவுகள், பிஷப்புகள் எல்லாம் உண்டு. அவர் சொல்வதில் ஒன்றுமே இருக்காது. மைதானத்தில் களைத்து உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் சொல்லுவார். அது கடல் தாண்டி ஒரு ஊர். ஊர் முழுக்கத் துணி மில்லு. உங்களாட்டம் பசங்க காலைல உள்ள போனா இருட்டினப்புறம்தான் வெளிய வருவாங்க. அங்க ஒரு சாமியார் இருந்தாரு. அவரு பசங்கள நிறுத்தி, உங்களுக்கு எப்பப்பா லீவுன்னு கேட்டாரு. ஞாயித்துக்கெழமன்னாங்க. அப்ப ஞாயித்துக்கெழம வாங்க, வெளையாடலாம்னாரு. அவ்ளோதான்பா எங்க சபை.

அவ்வளவுதான் கதை. பையன்களில் ஒருவன்கூடக் கிறிஸ்தவன் இல்லை. அந்த ஊரில் பட்டு நெய்வார்களா என்று ஒருவன் கேட்பான். தெரியாது என்பார்.

நான் அங்கே போவதற்கு முன், முதல் வருஷம் முழுக்க அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பந்தும் விசிலுமாகக் கொல்லையில் நின்றிருக்கிறார். இரண்டு பேர் வந்தால் அதிகம். எங்கள் சபை போன இடமெல்லாம் ஞாயிறுதான். ஞாயிறு மைதானம் என்பது எங்களுக்குப் பூசைக்கு அடுத்தபடி. நாலு தெரு தள்ளி வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கிறது, பையன்கள் எங்கே என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு நாள் நேராகப் போய் ஒரு வீட்டில் எட்டிப் பார்த்தார். தறிக்குழியில் தறிக்காரர். அவருக்கு வலப்பக்கம், தறியின் ஓரத்தில், பத்து வயதுப் பையன் ஒருவன். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு ஆள் வேண்டும். தறிக்காரர் உடலுக்கு ஊடைநூல் நாடாவை எறிவார், பையன் கரைக்கு எறிவான். கோர்வைப் பையன் என்று பேர். அவன் எழுந்தால் தறி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை பையனை அனுப்பக் கூடாதா என்று பிரதர் கேட்டதற்குத் தறிக்காரர் சிரித்தாராம்.

"ஞாயித்துக்கெழமன்னு தறிக்குத் தெரியுமா சாமி? அமாவாசைக்குத்தான் எங்களுக்குத் தறி நிக்கும்."

வேறு யாராக இருந்தாலும் அதோடு திரும்பி வந்து, இந்த ஊர் நமக்குச் சரிப்படாது என்று மேலிடத்துக்கு எழுதியிருப்பார்கள். இவர் அமாவாசைக்கு மைதானத்தைத் திறந்தார். அப்போதும் யாரும் வரவில்லை. அமாவாசை தறிக்குத்தான் லீவு, பையனுக்கு இல்லை. அன்றைக்குத்தான் நூல் சுற்றுவது, விறகு பிளப்பது, கடைக்கு ஓடுவது எல்லாம். அதனால் அவர் வீடு வீடாகப் போனார். பெரியவர்களிடம் நியாயம் பேசக் கூடாது என்றுதான் விதி. தறிக்காரர்களிடம் கெஞ்சக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி ஆற்றும் இடத்தில் போய் ஒரு கை கொடுப்பார். ஆடிப்போன தறிக்கட்டையைச் சீர் செய்து கொடுப்பார். கடைசியில் அமாவாசைப் பேச்சை எடுப்பார். பையன் தெருவில் சுற்றிக் கெட்டுப்போக மாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன், பொழுது சாய்வதற்குள் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்பார். ஒவ்வொரு வீடாகத்தான் வழிக்கு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மைதானம் கொள்ளாத கூட்டம்.

அந்தப் பையன்கள் விளையாடிய விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் ஒரு மணி நேரம் விளையாட்டே கிடையாது. சும்மா ஓடுவார்கள். மாதம் முழுக்க ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்த கால்கள். கொட்டிலிலிருந்து அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி, எதையும் துரத்தாமல், எங்கேயும் போகாமல் ஓடுவார்கள். பெரிய பிரதர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருப்பார். அவர்களாக வந்து பந்து கேட்கும்வரை விசில் ஊத மாட்டார். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு. அதை அவர் எவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்தார் என்று அவர்களுக்கும் தெரியாது.

வயதான அதிபர் சாமிக்கு இதில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. கத்தோலிக்க மடம் அமாவாசை கொண்டாடுகிறது என்று யாராவது மேலே போட்டுக் கொடுத்தால் என்ன செய்வது? மேலிடத்துக்கு மாதாமாதம் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அச்சடித்த படிவம். அதில் 'ஞாயிறு வருகை' என்று நாலு கட்டம் இருக்கும். அமாவாசைக்குக் கட்டம் இல்லை. எழுதுவது என் வேலை. மூன்று, நான்கு, இரண்டு, நான்கு என்று எழுதி அனுப்புவேன். சாமி பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பெரிய பிரதரிடம் யாரும் கேட்கவில்லை.

சபை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. எந்த ஊரைப் பார்த்தாலும் எங்களுக்கு ஒரு பள்ளி, ஒரு தொழிற்கூடம், ஒரு விடுதி. வெளிநாட்டிலிருந்து உதவி வந்தது, உள்ளூரில் பிள்ளைகள் துறவறத்துக்கு வந்தார்கள். புதிதாகத் திறக்கும் வீடுகளின் பெயரைச் சபைச் செய்தித்தாளில் படித்துக் கைதட்டுவோம். நானும் தட்டினேன். காஞ்சிபுரத்திலும் பெரிய கடைக்காரர்கள், வக்கீல்கள், ஆங்கிலப் பள்ளி வேண்டும் என்று நடையாய் நடந்தார்கள். இடம் வேண்டும். இடம் எங்களிடம் இருந்தது.

அந்த வருஷம் மே மாதம் வயதான சாமியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புது அதிபர் வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஒரு அமாவாசையையும் அவர் பார்த்திருக்கவில்லை. அப்போது சபைத் தலைமையிடத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரிய சாமி பார்வையிட வந்தார். வந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். அமாவாசை புதன்கிழமை.

ஞாயிறு மாலை அவரும் புது அதிபரும் மைதானத்தின் ஓரத்தில் நின்றார்கள். நாலு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பிரதரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பெரிய சாமிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் நான்.

இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். நாலு பேர் சாமி. போன வாரம்? மூணு பேர். எந்த ஞாயிறாவது இந்த மைதானம் நிறைந்ததுண்டா? இல்ல சாமி. ஒவ்வொன்றையும் நான் ஒழுங்காக அங்கேயும் இங்கேயும் சொன்னேன். பெரிய சாமி சுற்றும் முற்றும் பார்த்தார். வெயில் தணிந்து, கொல்லை முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. பிறகு பிரதரின் முகத்தை நேராகப் பார்த்து இன்னொன்று கேட்டார். அப்படியானால் இவ்வளவு பெரிய மைதானம் யாருக்காக?

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் சலிப்பில் சொல்கிறார், பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தால் பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கேட்டதற்கு அவர் எப்போதும் பதில் சொல்வார். அமாவாசை என்பார். படிவத்தில் ஏன் அது இல்லை என்று அடுத்த கேள்வி என்னிடம் திரும்பும். என்னை மேற்படிப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அந்தப் பெரிய சாமியின் கையில் இருந்தது. பெரிய பிரதர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீழே பார்த்தேன். பெரிய சாமி தலையை அசைத்துவிட்டு நடந்தார். அவ்வளவு நேரம்தான், பத்து விநாடி இருக்கும்.

புதன்கிழமை பையன்கள் வந்தார்கள். புது அதிபர் வாசலில் வந்து நின்று திகைத்துப் போனார். நல்ல மனிதர்தான், அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, மைதானத்தில் பள்ளி கட்டுவதென்று பெரிய சாமி முடிவு செய்துவிட்டார், இப்போது போய்ச் சொன்னால் நாம் மறைத்தோம் என்று ஆகும் என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஆறுதலாகத்தான் இருந்தது.

பள்ளிக்கு அனுமதிக் கடிதம் வந்தது. மைதானத்தைச் சுற்றி மதில் எழுந்தது. கேட் செய்யும் வேலையைப் பெரிய பிரதரிடம் கொடுத்தார்கள். செய்தார். தேக்கில், இரட்டைக் கதவு. எங்கள் வீடுகள் எதிலும் அப்படி ஒரு கேட் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் தவிர வேறு யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று உத்தரவு, சாவி அவரிடம். அடுத்த அமாவாசைக்குப் பையன்கள் வந்து வெளியே நின்றார்கள். அவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். "இனிமே இல்லப்பா, வூட்டுக்குப் போங்க" என்றார். அவர்கள் சாயங்காலம்வரை மதிலோரமாகவே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த அமாவாசைக்குப் பாதிப் பேர். மூன்றாவதற்குப் பத்துப் பேர். பையனுக்குப் போக இடமில்லை என்று தெரிந்ததும் தறிக்காரர்கள் அந்த நாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நூல் சுற்ற, விறகு பிளக்க.

மறுவருஷம் அவரை மாற்றிவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறினார். என் ஆங்கிலம் பெரிய சாமிக்குப் பிடித்துப் போயிருந்ததாம். நான் மேற்படிப்புக்குப் போனேன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அதே பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியராக அனுப்பினார்கள். மதிலுக்குள் மூன்று மாடிக் கட்டடம், ஆயிரத்துக்குப் பக்கமாகப் பிள்ளைகள். சபைக் கூட்டங்களில் எங்கள் பள்ளியை வளர்ச்சிக்கு உதாரணமாகச் சொன்னார்கள். பெரிய பிரதர் வேலூர்ப் பக்கத்தில் எங்கள் முதியோர் இல்லத்தில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போகாமல் எவ்வளவோ நாள் கடத்தினேன். ஒரு நாள் போனேன்.

ஆள் பாதியாகிவிட்டார். என்னைச் சாமி என்று கூப்பிட்டார். பள்ளியைப் பற்றி நானே பேசிக்கொண்டிருந்தேன். கட்டடம், பரீட்சை முடிவு, அது இது. கிளம்ப எழுந்தபோது என் கையைப் பிடித்தார். அவர் என்னிடம் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கேட்டார்.

"அந்த வெள்ளக்காரச் சாமி கடைசியா என் மூஞ்சியப் பாத்துக்கினு ஒண்ணு கேட்டாரே. அது இன்னா சாமி?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ சொல்லிவிட்டேன். இவ்வளவு பெரிய மைதானம் யாருக்காக என்று கேட்டார், நான்தான் உங்களிடம் சொல்லவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இருந்துச்சே சாமி" என்றார்.

தெரியும் பிரதர் என்றேன். கையை விட்டுவிட்டார். அந்த மாதமே இறந்துபோனார்.

அடுத்த அமாவாசை ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை விட்டேன். காரணம் கேட்டவர்களிடம் தலைமையாசிரியர் விருப்பம் என்றேன். காலையில் கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்துவிட்டு, ஒரு பந்தோடு நின்றேன். தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு மேல் நானே பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன். முதல் வீட்டில் ஏறினேன். தறி நின்றிருந்தது. தறிக்காரனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் அவனுடைய கோர்வைப் பையன் கால்களை மடக்கி உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தான். அட்மிஷன் விஷயமா என்று தறிக்காரன் மரியாதையாக எழுந்தான். இல்லை, இன்றைக்கு மைதானம் திறந்திருக்கிறது, பையனை விளையாட அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"நாங்கூட அங்க வந்து வெளையாண்டவன்தான் சாமி. அப்பறம் கேட்டு போட்டாங்க. மூணு அமாவாசை வெளிய வந்து நின்னேன்" என்றான். "இவனுக்கு அந்தப் பழக்கமே வேணாம்."

பையன் தலை தூக்கவில்லை. ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. நான் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.